பறி தேவைப்படாத ஆறு

உலகத்துக்கெல்லாம் ஏப்ரல் 1 முட்டாள்கள் தினம். நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பக்கத்தில் அது ட்ரவுட் மீன்பிடிப் பருவம் திறக்கும் நாள். ராஸ்கோ என்ற சின்ன ஊரில் வில்லவீமாக் ஆறு பீவர்கில் ஆற்றோடு வந்து சேரும் மடுவுக்கு ஜங்ஷன் பூல் என்று பெயர். திறப்பு நாளன்று விடியும் முன்பே அந்த மடுவைச் சுற்றித் தோளோடு தோள் உரச ஆள் நிற்கும். கரையில் பனி கிடக்கும். தூண்டில் கோலின் வளையங்களில் தண்ணீர் உறைந்து நூல் ஓடாது. வளையத்தை வாயருகே வைத்து ஊதி ஊதி ஐஸைக் கரைப்பார்கள். தண்ணீர் அவ்வளவு குளிர்ந்திருந்தால் மீன் அடியில் மந்தமாகக் கிடக்கும், இரை பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனாலும் போவார்கள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஆறு அன்றைக்குத்தானே திறக்கிறது.

இப்போது பூட்டே இல்லை. 2022 ஏப்ரலில் மாநில விதிகள் மாறின. செயற்கை இரை மட்டும் போட்டு, பிடித்த மீனை உடனே திரும்ப விட்டுவிடுவதானால், அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரையிலும் ட்ரவுட் ஆறுகளில் இறங்கலாம். ஏப்ரல் 1 என்பது மீனை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி தொடங்கும் நாளாகச் சுருங்கிவிட்டது. விழா மட்டும் நிற்கவில்லை. ஜங்ஷன் பூலில் முதல் வீச்சு, கைதட்டல், அப்புறம் காபி எல்லாம் உண்டு.

அந்த மடுவுக்கு ஒரு ஊர்க்கதையும் உண்டு. எந்த ஆற்றில் ஏறுவது என்று முடிவெடுக்க முடியாமல் நின்று நின்றே இரண்டு தலை முளைத்துவிட்ட ஒரு ட்ரவுட் அங்கே இருக்கிறதாம், பெயர் பீமாக். அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் நின்று தத்தளிக்கிற என் நண்பருக்கு அந்த மீன்மேல் தனிப் பிரியம்.

அவர் 1980களின் தொடக்கத்தில் பிங்ஹாம்டனில் படிக்க வந்தவர். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். தாமிரபரணியில் மண்புழு கோத்துக் கெண்டை பிடித்துப் பழகிய கை. ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரர் ஒரு மே மாதத்தில் அவரை பீவர்கில்லுக்கு அழைத்துப்போய், பழைய ஃபைபர்கிளாஸ் கோல் ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார். அத்தோடு சரி, மண்புழு போயிற்று. நான் நியூஜெர்சிக்கு வந்து வெகு காலம் கழித்து அவருக்குப் பழக்கமானவன். வயதில் மூத்தவர், ஆகவே அண்ணன். மே மாதம் முதல் வாரம் வந்தால் வெள்ளிக்கிழமை மதியமே அலுவலகத்துக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான கார்ப் பயணத்தில் ராஸ்கோ போய்விடுவோம்.

ஏன் மே முதல் வாரம்? ஹென்ட்ரிக்சன் எழும் காலம் அது. மேஃப்ளை என்ற பூச்சிக் குடும்பத்தில் ஒரு வகைக்கு இங்கே மீன்பிடிப்பவர்கள் வைத்திருக்கும் பெயர் ஹென்ட்ரிக்சன். ஓர் ஆண்டு ஆற்றடிக் கற்களுக்குக் கீழே புழுவாய்க் கிடந்துவிட்டு, ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ, தண்ணீர் சூடு 10 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிலைத்த ஒரு பிற்பகலில் மேலே வந்து தோலை உரித்துச் சிறகு விரிக்கும். மழை நின்ற மாலையில் நம்மூரில் ஈசல் கிளம்புவது மாதிரிதான். இது தண்ணீருக்குள்ளிருந்து கிளம்புகிறது. சிறகு காயும் வரை சில நொடிகள் நீர்மேல் மிதந்தபடியே போகும். ட்ரவுட்டுக்கு அந்தச் சில நொடிகள்தான் விருந்து. பறந்து தப்பியதற்கு வேலை செய்யும் வாய் கிடையாது, தின்னாது. இன்னொரு முறை தோலுரித்து, கூடி, முட்டையிட்டு, ஓரிரு நாளில் செத்துவிழும். இந்த ஃப்ளை ஃபிஷிங் கலை மொத்தமும் அந்தப் பூச்சி மாதிரி ஒன்றை இறகாலும் ரோமத்தாலும் தூண்டில் முள்ளில் கட்டி, அசல் பூச்சி மிதந்து வருகிற வேகத்திலேயே அதையும் மிதக்கவிடுவதில் அடங்கியிருக்கிறது. பூச்சிக்கு எடை கிடையாது என்பதால் அதை வீச முடியாது. கனமான நூலை வீசினால் நூல் பூச்சியை இழுத்துக்கொண்டு போகும்.

வெள்ளி இரவு வாடகை வீட்டின் சமையலறை மேசையில் அண்ணன் கடை பரப்புவார். மேசை விளிம்பில் ஒரு சிறு இடுக்கி; அதில் 14ஆம் எண் முள். முதலில் மெல்லிய நூலை முள்ளின் தண்டில் சுற்றுவார். காட்டு வாத்தின் விலாப்பக்கத்து இறகிலிருந்து எலுமிச்சைப் பழுப்பில் ஒரு கொத்து எடுத்து நிமிர்த்திக் கட்டி இரண்டாகப் பிரித்தால் சிறகு ஆயிற்று. சேவல் இறகின் நான்கைந்து இழை வால். உடம்புக்குச் செந்நரியின் வயிற்று ரோமத்தை நூலில் திரித்துச் சுற்ற வேண்டும். அதிலும் பெண் நரியின் மூத்திரம் பட்டுப்பட்டு இளஞ்சிவப்பேறிய ரோமம்தான் வேண்டும் என்பது ஆர்ட் ஃப்ளிக் வழி. ஸ்கோஹாரி ஆற்றுப் பக்கம் விடுதி நடத்திக்கொண்டு, ஆற்றுப் பூச்சிகளைச் சேகரித்து எது எப்போது எழும் என்று 1947இல் சின்னக் கையேடாகவே போட்ட மனிதர் அவர். கடைசியில் நீலச்சாம்பல் நிறச் சேவலின் கழுத்து இறகை எடுத்துச் சிறகுக்கு முன்னும் பின்னும் சுற்றினால், இறகின் இழைகள் ஆரக்கால்களாய் விறைத்து நிற்கும். பூச்சி மிதப்பது அந்த விறைப்பில்தான்.

“கடையில வாங்கினா மூணு டாலர். இங்க உக்காந்து ஏன் கண்ணைக் கெடுத்துக்கறீங்க?” என்றேன்.

“கடையில இருக்கறது எங்க கட்டினதுன்னு நினைக்கிறே? கென்யாவுல, தாய்லாந்துல, இலங்கையில. அவங்க நம்மளவிட நல்லாத்தான் கட்டுறாங்க தம்பி. ஆனா அவங்க இந்த ஆத்தைப் பார்த்ததில்லையே.”

இந்த மேசைக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1920களில் பூச்சி கட்டுவதில் இந்த வட்டாரத்தின் பெரிய கை ரூப் கிராஸ். ராஸ்கோவிலிருந்த வால்ட் டெட்டேயும் வின்னியும் போய் எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். கிராஸ் மறுத்துவிட்டார். அவர் கட்டிய பூச்சிகளையே காசு கொடுத்து வாங்கிவந்து, ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, எது முதலில், எது பிறகு என்று கண்டுபிடித்துக் கற்றார்கள் அந்தத் தம்பதி. லிவிங்ஸ்டன் மேனரில் அவர்கள் பெயரிலான கடை இன்றும் நடக்கிறது. குடும்பத்தின் பின்தலைமுறை நடத்துகிறது. ஒளித்து வைத்ததை அவிழ்த்துத் திருடிய வித்தை இப்போது யூடியூபில் மெதுவாக ஓட்டிப் பார்க்கக் கிடைக்கிறது. ரகசியம் போனதில் அண்ணனுக்கு வருத்தம். எனக்கு அதில் அனுதாபம் வரவில்லை. கிராஸ் கதவைச் சாத்தியதைப் பெருமையாக நினைக்க என்ன இருக்கிறது?

இறகின் கதை இன்னும் சுவாரசியம். நல்ல நீலச்சாம்பல் கழுத்து இறகுக்கு அந்தக் காலத்தில் அலையாய் அலைந்திருக்கிறார்கள். கறிக்கு வளர்த்த சேவலில் அந்த நிறமும் விறைப்பும் சேர்ந்து அமைவது குதிரைக்கொம்பு. ராஸ்கோ பக்கத்தில் கடை வைத்திருந்த ஹாரி டார்பி இறகுக்கென்றே சேவல் வளர்த்தார். அவருடைய கோழி வம்சத்தின் முட்டைகள் கைமாறிக் கைமாறி, பிற்பாடு இறகுப் பண்ணைத் தொழிலே அதிலிருந்து கிளைத்தது. இன்றைய பண்ணைச் சேவலின் ஒரே இறகில் பல பூச்சி கட்டலாம். அப்படி வளர்த்த இறகுக்கு 2011இல் ஒரு விபத்து நேர்ந்தது. அமெரிக்கப் பெண்களிடையே கூந்தலில் சேவல் இறகு கோத்துக்கொள்ளும் மோகம் பரவ, அழகுநிலையக்காரர்கள் தூண்டில் கடைகளுக்குள் நுழைந்து இருப்பையெல்லாம் வழித்துக்கொண்டு போனார்கள். அந்தக் கோடையில் தாடிக்காரக் கிழவர்கள் சிகை அலங்காரத்தைத் திட்டித் தீர்த்ததை அண்ணன் நடித்தே காட்டுவார்.

நம் மலைக்கும் இதில் பங்குண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் நிறக் காட்டுச்சேவலின் கழுத்தில் மெழுகு சொட்டிக் காய்ந்தது போன்ற மஞ்சள் புள்ளிகள் கொண்ட இறகுகள் இருக்கும். மேல்நாட்டு சால்மன் பூச்சிகளுக்கும் சிறுமீன் வடிவத் தூண்டில்களுக்கும் கண் வைக்க அந்த இறகுதான். கழுத்துத் தோலோடு உரித்துக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். 1960களின் பிற்பகுதியில் இந்தியா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அண்ணனின் டப்பாவில் யாரோ ஒரு பெரியவர் கொடுத்த பழைய கழுத்துத் தோல் ஒன்று இருக்கிறது. எடுத்துத் தடவிப் பார்ப்பார், ஒரு இறகும் பிடுங்க மாட்டார்.

கோலும் அப்படித்தான். இந்நாட்டில் பிளந்த மூங்கிலைச் சீவி ஒட்டிக் கோல் செய்யத் தொடங்கியபோது மூங்கில் வந்தது இந்தியாவிலிருந்து. கல்கத்தா மூங்கில் என்றே பெயர். பிறகு சீனத்து டோன்கின் மூங்கில் அதைவிட உறுதி என்று கண்டு அதற்கு மாறினார்கள். 1950இல் சீனச் சரக்குக்கு அமெரிக்கா தடை விதித்ததும் மூங்கில் வரத்து நின்றது. ஏற்கெனவே தலையெடுத்திருந்த ஃபைபர்கிளாஸுக்கு அடித்தது யோகம். 1970களில் கார்பன் இழையாலான கிராஃபைட் கோல் வந்து அதையும் ஓரங்கட்டியது. நூல் அன்று பட்டு. மீன்பிடித்துத் திரும்பிய இரவே காயப்போட்டுக் கொழுப்புப் பூசாவிட்டால் மக்கிவிடும். நூலின் நுனியில் கட்டும் நரம்பு, பட்டுப்புழுவின் சுரப்பியை இழுத்து நீட்டிச் செய்தது. காலையில் ஊறவைக்காமல் முடிச்சுப் போட்டால் ஒடியும். இன்று பிளாஸ்டிக் பூசிய நூல், நைலான் நரம்பு, ஊறவும் வேண்டாம் உலரவும் வேண்டாம். இந்த மாற்றத்தில் குறை சொல்ல அண்ணனாலும் முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் அவசரம் இல்லை. அண்ணன் காபியோடு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். குக்ஸ் ஃபால்ஸ் என்ற இடத்தில் நிலவியல் ஆய்வுத்துறை வைத்திருக்கும் அளவி பீவர்கில்லின் நீரோட்டத்தைக் கன அடிக் கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும். முன்பு இதற்குக் கடைக்குப் போன் போட்டு, “ஆறு எப்படி?” என்று கேட்க வேண்டும். கடைக்காரர் எப்போதும் “நல்லாத்தான் இருக்கு” என்பார், வியாபாரம் ஆக வேண்டுமே. நேரில் வந்து கலங்கிய வெள்ளத்தைப் பார்த்து முழி பிதுங்கித் திரும்பிய கதைகள் அண்ணனிடம் ஏராளம். அதையும் இழப்புப் பட்டியலில் சேர்க்கிறார், வேடிக்கை.

ஆற்றில் இறங்குமிடத்தில் மரத்தில் மஞ்சள் பலகை. 1935இலிருந்து மாநில அரசு கரை நிலக்காரர்களுக்குக் காசு கொடுத்து, நிலத்தை வாங்காமல், ஆற்றோரமாக வழக்கமாய் 33 அடி அகலத்தில் நடந்து மீன்பிடிக்கும் உரிமையை மட்டும் வாங்கிவருகிறது. மேல் பீவர்கில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டிலேயே பணக்காரர்களின் தனியார் மன்றங்களின் கைக்குப் போய்விட்டது, இன்றும் அப்படித்தான். கீழ்ப்பகுதியில் எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் நிற்க முடிகிறதென்றால் அந்த மஞ்சள் பலகையால்தான். ‘அந்தக் காலம்’ என்று சொல்லும்போது இந்த ஒன்றை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. 1935க்கு முன்பு இந்தக் கரைகளில் எங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது.

நாங்கள் நின்றது ஹென்ட்ரிக்சன் பூல். நியூயார்க் பணக்காரர் ஒருவர் பெயர் அது. லிபர்ட்டி தபால் நிலையத்தில் வேலை பார்த்த ராய் ஸ்டீன்ராட் புதிதாக ஒரு பூச்சி கட்டி, தன் நண்பரான அவர் பெயரையே அதற்கு வைத்தார். பிறகு அசல் பூச்சிக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது! மடுவுக்கு மேலே பாலத்தில் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. 17ஆம் எண் நெடுஞ்சாலையை 1960களில் அகலப்படுத்தி ஆற்றை ஒட்டியும் குறுக்கேயும் கொண்டுபோனபோது ஹாரி டார்பி கடுமையாக எதிர்த்துப் பார்த்தார். சாலை வந்தது. அந்தச் சாலையில்தான் நாங்களும் வந்தோம்.

மதியம் 1 மணிக்கு அண்ணன் கயிற்றில் கட்டிய வெப்பமானியைத் தண்ணீரில் விட்டு எடுத்தார். 11 டிகிரி. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மணிக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு பூச்சி, சின்னப் பாய்மரம் விரித்தாற்போல் சாம்பல் சிறகோடு மிதந்து வந்தது. பின்னால் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. எதிர்க்கரைப் பாறைக்குக் கீழே நீரில் ஒரு வட்டம், ஓசையே இல்லாமல். பெரிய மீன் துள்ளாது; மூக்கை மட்டும் நீட்டி உறிஞ்சிக்கொள்ளும். அண்ணன் நடு ஆறு வரை போகவில்லை. நடக்கிற அலை மீனுக்குப் போய்ச் சேரும் என்று இடுப்பளவு நீரிலேயே நின்றுகொண்டார். நூலைப் பின்னால் ஒரு தரம், முன்னால் ஒரு தரம் வீசி, வட்டத்துக்கு நாலடி மேலே பூச்சியை இறக்கினார். நூல் நடுவில் வேகநீரில் சிக்கிப் பூச்சியை இழுக்கப் பார்த்தது. கோல் நுனியை ஒரு சுழற்றுச் சுழற்றி நூலை மேல்பக்கமாகத் தூக்கிப் போட்டார். மூன்றாம் வீச்சில் மூக்கு வந்தது.

பழுப்பு ட்ரவுட், ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவு. விலாவில் வெளிர்வட்டம் போட்ட சிவப்புப் புள்ளிகள். கையை நனைத்துக்கொண்டுதான் தொட்டார். காய்ந்த கை பட்டால் உடம்பின் வழுவழுப்புப் போய் மீனுக்குப் பூஞ்சை பிடிக்கும். வலை ரப்பர். முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்னக் கூரை முன்பே இடுக்கியால் நசுக்கியிருந்தார், ஆகவே ஒரே திருப்பில் கழன்றது. ஓட்டத்தை நோக்கித் தலையை வைத்துப் பிடித்தார். செவுள் இரண்டு முறை திறந்து மூடியது, வாலை ஓர் உதறு உதறிப் போய்விட்டது. போட்டோ எடுக்கவா என்றேன். வேண்டாம் என்றார்.

இந்த இடத்தில் எடுத்துப்போகவும் முடியாது. பீவர்கில்லின் இந்தப் பகுதி 1960களிலிருந்தே ‘கொல்லக் கூடாது’ என்ற விதிக்கு உட்பட்டது. பிடித்ததை விடுவது பைத்தியக்காரத்தனம் என்று உள்ளூரில் அன்று சிரித்திருக்கிறார்கள். பழைய படங்களைப் பாருங்கள்: இடுப்பில் பிரம்புப் பறி, அடியில் ஈரப் பெரணி இலை, மேலே வரிசையாக மீன். 19ஆம் நூற்றாண்டில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பிடித்ததைப் பெருமையாக எழுதிவைத்திருக்கிறார்கள். இன்று அந்தப் பறி கடைகளில் அலங்காரப் பொருளாகத் தொங்குகிறது. நல்ல மீனை ஒரே ஒரு முறை பிடித்து முடித்துவிடக் கூடாது என்ற கருத்தை 1930களிலேயே லீ வுல்ஃப் எழுதினார். மீன்பிடிச் சட்டைக்குப் பை பையாக வைத்துத் தைத்தவரும் அவர்தான் என்பார்கள். 1979இல் அவரும் மனைவி ஜோன் வுல்ஃபும் மேல் பீவர்கில் கரையில் வீச்சு கற்றுத்தரும் பள்ளி தொடங்கினார்கள். வீச்சுப் போட்டிகளில் ஆண்களையே தோற்கடித்தவர் ஜோன். அன்று மாலை மடுவில் எங்களைத் தவிர ஐந்து பேர். அதில் மூன்று பேர் பெண்கள். அண்ணன் படித்த காலத்தில் ஒரு பெண் வந்தால் கணவர் எங்கே என்று தேடுவார்களாம்.

மாலையில் சாப்பாட்டு மேசையில் அண்ணன் ஆரம்பித்தார். “அப்ப இந்த ஆறு எப்படி இருந்துச்சு தெரியுமா? கூட்டம் கிடையாது. இந்தச் செக்கோஸ்லோவாக்கியா கம்பு கிடையாது.” பத்து, பதினோரு அடிக் கோலும் டங்ஸ்டன் மணி கோத்த பூச்சியுமாக ஆற்றடியைத் தடவிக்கொண்டே போகும் ஐரோப்பியப் போட்டி முறையைத்தான் சொல்கிறார். அதில் மீன் நிறைய விழும், அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. 1992இல் ராபர்ட் ரெட்ஃபோர்டின் ஃப்ளை ஃபிஷிங் படம் வந்து ஒரு கூட்டத்தைக் கிளப்பியது, 2020இல் கொரோனா இன்னொரு கூட்டத்தை வீட்டிலிருந்து ஆற்றுக்குத் துரத்தியது என்று அடுக்கினார்.

நான் கேட்டது ஒன்றுதான்: எந்த அப்போது?

இந்த ஆறுகளின் சொந்த மீன் புரூக் ட்ரவுட். குளிர்ந்த, சுத்தமான நீரில் மட்டும் வாழும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த மலைகளுக்குத் தோல் பதனிடுபவர்கள் வந்தார்கள். தென்னமெரிக்காவிலிருந்தெல்லாம் தோல் வந்திறங்கியது, ஏனென்றால் பதனிடத் தேவையான பட்டை இங்கே ஹெம்லாக் மரத்தில் இருந்தது. ஆவாரம்பட்டைக்கு நம்மூரில் என்ன வேலையோ அதே வேலை. மரத்தைச் சாய்த்துப் பட்டையை உரித்துக்கொண்டு கட்டையை அப்படியே மக்கவிட்டார்கள். கழிவு ஆற்றில். வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1880களில் ஹெம்லாக் தீர்ந்தது, தொழிற்சாலைகள் மூடின. ஆனால் நிழல் போய் ஆறு சூடாகிவிட்டிருந்தது. புரூக் ட்ரவுட் மேலேறி ஓடைகளில் ஒடுங்கியது.

1883இல் ஜெர்மனியின் ஃபான் பேர் பிரபு அனுப்பிய பழுப்பு ட்ரவுட் முட்டைகள் மீன்வளர்ப்பாளர் ஃப்ரெட் மேதரிடம் வந்தன. லாங் ஐலண்டில் பொரித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ரயிலில் பால் கேன்களில் மீன் குஞ்சு ஏற்றிவந்து கேட்ஸ்கில் ஆறுகளில் கொட்டினார்கள். சூட்டைக் கொஞ்சம் தாங்கும், பெரிதாக வளரும், எளிதில் ஏமாறாது. ஏமாறாத மீன் என்று அன்று அதைத் திட்டினார்கள். ஆனால் மேல்நீரில் மிதக்கும் பூச்சியை விரும்பித் தின்னும் மீன் அது. காசநோயோடு நெவர்சிங்க் ஆற்றங்கரையில் ஒதுங்கி வாழ்ந்த தியோடர் கார்டன், இங்கிலாந்தின் பூச்சித் தூண்டில் நிபுணர் ஹால்ஃபோர்டுக்குக் கடிதம் போட்டு, 1890இல் அவரிடமிருந்து மிதக்கும் பூச்சி மாதிரிகளை வரவழைத்தார். இங்கிலாந்தின் மந்தமான சுண்ணாம்பு நீரோடைக்குக் கட்டியது கேட்ஸ்கில் வேகத்தில் மூழ்கியது. விறைத்த சேவல் இறகைக் கார்டன் தேடிப்போனது அதனால்தான். அமெரிக்காவின் ‘பாரம்பரிய’ ஃப்ளை ஃபிஷிங் என்று அண்ணன் தலையில் வைத்துக் கொண்டாடுவது அழிந்த காட்டின்மேல், ஜெர்மன் மீனை வைத்து, ஆங்கிலக் கடிதத்தால் முளைத்தது. நீலகிரி அவலாஞ்சியில் வெள்ளைக்காரன் ட்ரவுட் விட்டதை நாம் ஒட்டுவேலை என்று சொல்வோம்; கேட்ஸ்கில்லிலும் நடந்தது ஒட்டுவேலைதான், முந்தி நடந்தது என்பது மட்டுமே வித்தியாசம். கார்டன் 1915இல் இறந்தார். அவர் வாழ்ந்த இடம் 1953இல் முடிந்த நெவர்சிங்க் நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது.

“அப்ப எதுவுமே அசல் இல்லைங்கறியா?” அண்ணனுக்குக் கோபம் இல்லை, சோர்வுதான்.

“புரூக் ட்ரவுட் இருக்கே. மேல ஓடையில ஆறு அங்குலத்துல.”

“அதை யாரு பிடிக்கப் போறா!”

ஞாயிற்றுக்கிழமை டெலவேர் ஆற்றின் மேற்குக் கிளைக்குப் போனோம். அங்கே இன்னொரு ‘அன்று’. 1950களிலும் 60களிலும் நியூயார்க் நகரம் குடிநீருக்காக இரு கிளைகளையும் அணை கட்டித் தேக்கியது: கிழக்கில் பெபாக்டன், மேற்கில் கேனன்ஸ்வில். பெபாக்டனுக்கு மட்டும் நான்கு கிராமங்கள் மூழ்கின. அணைக்குக் கீழே அதுவரை கோடையில் சூடேறிக் கிடந்த ஆறு, தேக்கத்தின் அடிமட்டத்திலிருந்து மதகு வழியே வரும் குளிர்ந்த நீரால் பெரிய ட்ரவுட்களின் இடமாகிவிட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. நகரத்துக்குத் தேவைப்பட்டபோது திறந்து, வேண்டாதபோது மூடி, ஒரே வாரத்தில் ஆறு குளிர்ந்தும் கொதித்தும் மீன் செத்த காலமும் உண்டு. 1970களில் மாநில அரசு சட்டம் போட்டு நீர்த்திறப்பை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. இன்றும் எவ்வளவு திறப்பது என்பது 1954இன் உச்ச நீதிமன்ற ஆணைக்கு உட்பட்ட நான்கு மாநிலங்களும் நகரமும் பேசி முடிக்கும் விஷயம். காவிரி நியாயம் தெரிந்த நமக்கு இது புதிதில்லை; இங்கே கூட்டத்தில் மீன்காரர்களும் மனு கொடுக்கிறார்கள் என்பதுதான் கொஞ்சம் புதிது.

கரையில் ஏறியதும் அண்ணன் காலணியைத் தூரிகையால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தார். முன்பு வழுக்காமலிருக்க அடியில் அழுத்திய கம்பளி ஒட்டிய காலணிதான் எல்லோருக்கும். இப்போது ரப்பர். அந்தக் கம்பளியின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஆற்றுக்கு ஆறு பரவும் டிடிமோ என்ற பாசி 2000களின் பிற்பகுதியில் இந்தப் பக்கம் வந்து கற்களை மூடியதால் வந்த மாற்றம். ரப்பர் வழுக்குகிறது. வழுக்கினாலும் பரவாயில்லை என்கிறார்.

திரும்பும் வழியில் ஹார்ட்டன் பாலத்தருகே வண்டியை நிறுத்தி ஒரு பலகையைக் காட்டினார். அங்கிருந்து கொஞ்ச தூரம் பீவர்கில்லில் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் மீன்பிடிக்கத் தடை. கோடையில் ஆறு 20 டிகிரியைத் தாண்டும்போது குளிர்ந்த ஓடை வந்து சேருமிடத்தில் மீன்கள் நெருக்கியடித்து ஒதுங்கும். அப்போது பிடித்து விட்டாலும் மூச்சு வாங்கிச் செத்துவிடும். தடையில்லாத இடங்களிலும் வெப்பமானி பார்த்துக் கோலை மடக்கிவிடுவது இப்போது பலருக்கு வழக்கம். அண்ணனின் முதல் ஆண்டுகளில் யாரும் வெப்பமானியைக் கோடைக்காக வைத்திருக்கவில்லை. பூச்சி எழும் நேரம் பார்க்கத்தான் வைத்திருந்தார்கள்.

“அப்ப ஜூலைக்கு என்ன பண்ணுவீங்க?”

“கீழ டெலவேர்ல ஸ்மால்மவுத் பாஸ் இருக்கு. அதுக்குத் தண்ணி சூடா இருந்தாத்தான் குஷி. முன்னாடி அதைப் பிடிச்சா கௌரவக் குறைச்சல்னு தூக்கி எறிவோம்.” சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்: “தக்கையில கட்டுற பூச்சி ஒண்ணு இருக்கு, தவளை மாதிரி. உனக்கும் நாலு கட்டவா?”